பால் சொசைட்டியில் வாசித்த கவிதை

வெள்ளிக்கிழமை காலையில் வாயனசாலை நூலகத்தின் செயலாளர் வந்தபோது வனிதா மாட்டுத்தொட்டியில் புண்ணாக்கு கரைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஓய்வு பெற்ற மலையாள ஆசிரியர். கேரளத்துப் பெருமாட்டிப் பக்கத்தில் தமிழர்களுக்கும் அவர் மாஷ்தான். ஸ்கூட்டரை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே பேசினார். அதைப் பார்த்ததுமே வனிதாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நல்ல சேதியோடு வருகிறவராக இருந்தால் இந்நேரம் வாசல் வரைக்கும் வந்து காபி கேட்டிருப்பார்.

"ஒரு புத்திமுட்டு வந்துபோச்சு, வனிதா. ஞாயித்துக்கிழமை ஹால் தர முடியாது. பெயின்ட் அடிக்கணும்."

"ஓணத்துக்குத்தானுங்களே அடிச்சீங்க?"

மாஷ் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "உங்க அண்ணன் வந்திருந்தார். கூட ரெண்டு கமிட்டிக்காரங்க. கவிதையைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா குடும்ப விஷயத்தை வாயனசாலையில வெச்சுப் படிக்கறது வேண்டாம்னு சொல்றாங்க."

"குடும்பத்தை விட்டா நான் வேற எதைப் பார்த்தேனுங்க மாஷே, எழுதறதுக்கு?"

வருத்தமாகத்தான் இருந்தார். ஆனால் வருத்தத்தை வைத்துக்கொண்டு கூட்டம் நடத்த முடியாது. போகும்போது, "அந்த நோட்டீஸை மட்டும் எடுத்துடுங்க, கேட்டோ" என்றார். நூலகச் சுவரில் அவளே ஒட்டிய நோட்டீஸ் அது. 'வரப்பில் நின்றவள் - கவிதைத் தொகுப்பு - வாசகர் சந்திப்பு' என்று கணினி மையத்தில் அச்சடித்து, மைதா காய்ச்சி ஒட்டியிருந்தாள்.

"ஒட்டினது நானுங்க. கிழிக்கறது யாரு வேணும்னாலும் கிழிச்சுக்கட்டும்" என்றாள் வனிதா.

புத்தகக் கட்டு பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சின்னப் பதிப்பகம். அட்டையில் ஒரு தென்னந்தோப்பின் படம், கொஞ்சம் மங்கலாக. வனிதா சித்தூர் கல்லூரியில் தமிழ் படித்தவள். படிப்பு முடிந்த கையோடு ஜெகனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். தோப்பு, மாடு, ஒரு மகள், பால் என்று வருஷங்கள் ஓடின. நாற்பதைத் தொட்ட பிறகுதான் போனில் கவிதை எழுத ஆரம்பித்தாள். மழை வந்தால் மழையைப் பற்றி, கன்று போட்டால் கன்றைப் பற்றி. உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் எல்லோரும் பூ அனுப்புவார்கள். அதிகமாகப் பூ அனுப்பியது அவளுடைய அண்ணன் பூபதிராஜாதான். 'என்ற தங்கச்சி எழுதுனது' என்று சேர்த்து மற்ற குழுக்களுக்கும் அனுப்பிவைப்பார். தொகுப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் முன்வரிசை நாற்காலியில் தான்தான் உட்காருவேன் என்று சொல்லி வைத்திருந்தவரும் அவர்தான்.

அவர் படித்திராத கவிதை ஒன்று புத்தகத்தின் நடுவில் இருந்தது. அதை யாரோ போட்டோ எடுத்து உறவினர் குழுவில் போட்டுவிட்டார்கள். அதற்கு ஒரு பூகூட வரவில்லை.

மத்தியானம் அண்ணனே போன் செய்தார்.

"மாஷ் வந்தாரா?"

"வந்தாருங்கண்ணா."

"நான்தான் சொல்லச் சொன்னேன். மறைக்கறதுக்கு என்ன இருக்குது." அவர் குரல் கோபமாக இல்லை, அடிபட்ட குரலாக இருந்தது. "ஒண்ணு பண்ணு கண்ணு. அந்த ஒரு பக்கத்தை மட்டும் எல்லாப் புஸ்தகத்துலயும் கிழிச்சுப்போடு. மத்ததெல்லாம் படி. ஹாலைத் தொறக்கச் சொல்றது என்ற பொறுப்பு. நானே வந்து கை தட்டறேன்."

"அதுக்குப் பின்பக்கம் கன்னுக்குட்டிக் கவிதை இருக்குதுங்க. உங்களுக்குப் பிடிச்சது. அதுவும் போயிருமே."

"விளையாடாத வனிதா."

"விளையாடலைங்கண்ணா. கிழிக்க மாட்டேன்."

அவர், "அன்னிக்கு நான் உனக்கு மீன் வெச்சது பாசத்துல. அதைக்கூட எழுதிப்போட்டியே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். போனைக் கையில் வைத்துக்கொண்டு வனிதா தொட்டிக்கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் சொன்னது பொய்யில்லை. பாசத்தில்தான் வைத்தார். அதுதான் அவளுக்கு இத்தனை வருஷமாகத் தொண்டையில் நின்றது.

ஜெகனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. சண்டைக்காரர் இல்லை அவர். யாரிடமும் கெட்ட பேர் வாங்காமல் காலத்தை ஓட்டிவிட வேண்டும் என்று நினைப்பவர். ராத்திரிச் சாப்பாட்டின்போது, "நாளைக்கு நம்ம புள்ளைக்குக் கல்யாணம்னா மாமன்னு சீர் தூக்கீட்டு வரவேண்டியது உன்ற அண்ணன்தான். அதை யோசிச்சியா?" என்றார்.

"அந்தச் சீரை நெனச்சுத்தானுங்க அன்னிக்கும் ஒண்ணும் பேசாம இருந்தேன்."

"செரி, ஹால் இல்லையே. எங்கே படிக்கப் போறே?"

"பால் சொசைட்டியில."

ஜெகன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள் மோர் ஊற்றினாள்.

சொசைட்டித் தலைவர் குப்பண்ணனிடம் அனுமதி கேட்கச் சனிக்கிழமை போனாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேன்களை எண்ணிக்கொண்டிருந்த குப்பண்ணன் முழுவதும் கேட்டுவிட்டு, "பால் ஊத்த வர்றவிய அவியவிய பாட்டுக்கு ஊர்க்கதை பேசறாங்க. அதுக்கெல்லாம் எவன் எங்கிட்ட அனுமதி கேட்டான்? நீயும் பேசு. பால் அளக்கறபோது மட்டும் குறுக்க வராதே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஜெகன் தானாகவே புத்தகக் கட்டை பைக்கின் பின்னால் கட்டினார். சொசைட்டி வாசலில் இறக்கி வைத்துவிட்டு, புளியமரத்தடியில் போய் நின்றுகொண்டார்.

வரிசையில் பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் தோப்பு வேலையை விட்டு வரமாட்டார்கள். கேன்களும் தூக்குப்போசிகளுமாக நின்றவர்களுக்கு வனிதா எதற்காகப் பட்டுச்சேலை கட்டி வந்திருக்கிறாள் என்று புரியவில்லை. அது அவளிடம் இருந்த ஒரு மாம்பழ நிறப் பட்டு. கட்டிக்கொண்டு ஒரே ஒருதரம்தான் வெளியே போயிருந்தாள்.

"எல்லாரும் என்னைய மன்னிக்கோணும். வாயனசாலையில படிக்க வேண்டியது. பூட்டிப்போட்டாங்க. அதனால இங்கே படிக்கறேன். பால் ஊத்தீட்டுக் கெளம்பறவிய கெளம்பலாம்" என்று ஆரம்பித்தாள். முதலில் மழைக் கவிதை படித்தாள். யாரோ கேனை உருட்டினார்கள். ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவளிடம் உரக்க ஏதோ கேட்டாள். இரண்டாவதாகக் கன்றுக்குட்டி. அதற்குச் சிலர் சிரித்தார்கள். பிறகு அவள் அந்தத் தாளை மறுபக்கம் திருப்பினாள்.

"இதுக்குப் பேரு 'சாப்பாட்டுக்கு முன்னால்'" என்றாள்.

புதுச்சேலை மொடமொடவென்று இருந்தது.
காரில் எனக்கு முன்சீட்டு.
பிறந்ததிலிருந்து அன்றுதான் முன்சீட்டு.

இங்கே ஒன்று, இங்கே ஒன்று என
விரல் காட்டிய இடத்திலெல்லாம்
என் பெயரை எழுதினேன்.
கிழக்குக் காடு போயிற்று.
அப்பன் வெட்டிய கிணறு போயிற்று.
பள்ளிக்கூடம் விட்டு வந்து
குடம் குடமாய் நான் ஊற்றிய
தென்னையெல்லாம் போயிற்று.

பிறகு எல்லோரும் சாப்பிடப் போனோம்.
எனக்குப் பிடிக்குமென்று
இன்னொரு துண்டு மீன் வைத்தான் அண்ணன்.
முள் நீக்கித் தின்னத் தெரிந்த எனக்கு
வேண்டாமென்று சொல்ல மட்டும்
ஒருவரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

பால் அளக்கும் இடத்தில்கூடச் சத்தம் நின்றிருந்தது. அந்தப் பக்கத்து வீடுகளில் அது நடக்காத வீடு கிடையாது. அப்பன் செத்த பிறகு, அண்ணன் தம்பிகள் பொண்ணுகளைக் கூட்டிக்கொண்டு போய், நிலத்தில் பங்கு வேண்டாமென்று ஆதாரப் பத்திரத்தில் ஒப்பு, அதாவது கையெழுத்து, வாங்கிக்கொள்வார்கள். கேட்டு வாங்குவதுகூட இல்லை. "புதன்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ் போகோணும், காலையில வந்துரு" என்று சொன்னால் போதும். போட மாட்டேன் என்று ஒருத்தி சொன்னதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. பேசினால் ஆசைக்காரி என்றாகிவிடும்.

வரிசையில் நடுவில் நின்ற முருகேஸ்வரி திடீரென்று சிரித்தாள். வாயாடி என்று பேர் எடுத்தவள். "உனக்கு மீனா கெடச்சுது? எனக்கு மசால் தோசைடி."

ஓரிருவர் சிரித்தார்கள். "எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தாங்க. சின்னப் புள்ளைக்கு வாங்கித் தர்ற மாதிரி" என்றாள் இன்னொருத்தி. "உங்களுக்காவது ஊரைச் சுத்திக் காட்டுனாங்க. எனக்கு ஊட்டுக்கே பத்திரத்தைக் கொண்டாந்தாங்க. மாவாட்டீட்டு இருந்தேன். கையைக்கூடச் செரியாக் கழுவலை." அதைச் சொன்னவள் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அவள் முகம் மாறிவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

"இன்னொருக்கா படி" என்றாள் முருகேஸ்வரி.

வனிதா இன்னொரு தரம் படித்தாள்.

முடித்தபோது, பின்னாலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். சுடிதார், தோளில் பை. வனிதாவின் சித்தப்பா மகள் தமிழ்ப்ரியா. கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறவள். சித்தப்பா போன மார்கழியில்தான் இறந்தார். கூட்டத்துக்கென்று வந்து, நூலகம் பூட்டியிருப்பதைப் பார்த்து, விசாரித்துக்கொண்டு சொசைட்டிக்கு வந்திருந்தாள்.

"எனக்குப் புதன்கிழமைங்கக்கா" என்றாள்.

"என்னது?"

"ஒப்பு. சந்துரு அண்ணன் சேலைகூட எடுத்து வெச்சாச்சு."

போடாதே என்று சொல்ல வனிதாவுக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அவள் வேறொருத்தர் பேச்சைக் கேட்டவளாகிவிடுவாள். ஒரு புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். தமிழ்ப்ரியா அதைப் பைக்குள் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு போனாள்.

புதன்கிழமை நடந்ததை ஊர் முழுக்கப் பேசியது. தமிழ்ப்ரியா மறுப்பேதும் சொல்லாமல் கிளம்பியிருக்கிறாள். சந்துரு எடுத்துக்கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, காரில் முன்சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறாள். ஆபீஸில் பத்திர எழுத்துக்காரர் விரலை வைத்து இடம் காட்டியதும், "பசிக்குதுங்க. சாப்பிட்டு வந்து போடறேன்" என்று பேனாவை மேஜையில் வைத்துவிட்டாள். தங்கச்சி பசி என்கிறாளே என்று சந்துருவும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். நன்றாகச் சாப்பிட்டாளாம். மீனும் கேட்டு வாங்கினாளாம். கை கழுவப் போனவள் அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். பஸ்ஸில் இருந்து அண்ணனுக்கு ஒரு வரி அனுப்பினாள்: 'சாப்பிட்டாச்சு. ஒப்பு போட மனசில்லை.'

சொசைட்டி வரிசையில் அன்று சாயங்காலம் யாராலும் நேராக நின்று பால் ஊற்ற முடியவில்லை. சிரிப்பு. வனிதா மட்டும் சிரிக்காமல் நின்றாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் பூபதிராஜாவின் கார் வந்தது. கூடச் சந்துரு. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. ஜெகன் நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு அதன் முதுகைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"என்ற தங்கச்சியை நீங்கதாங்கக்கா கெடுத்துப்போட்டீங்க" என்றான் சந்துரு. அவன் கண்கள் சிவந்திருந்தன. "அவளைப் படிக்க வெச்சோம். நகை செஞ்சு வெச்சிருக்கறோம். நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா நான்தான் ஓடோணும். எனக்குப் பேரு திருடனா?"

"உன்னையத் திருடன்னு நான் எங்கே எழுதுனேன் சந்துரு?"

"எழுதோணுமா? ஊரே என்னையப் பார்த்துச் சாப்பிட்டாச்சான்னு கேக்குது."

பூபதிராஜா அவனைக் கையமர்த்தினார். "ஞாயித்துக்கிழமை நம்ம ஊட்டுல ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாரும் கூடறாங்க. நீ வரோணும். வந்து, அது கற்பனை, நெசமில்ல, எங்கண்ணன் எனக்கு ஒரு குறையும் வெக்கலைன்னு எல்லார்த்து முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லிப்போடு. அதோட முடிஞ்சுது. யாரும் உன்னைய ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"குறை வெக்கலைன்னு வேணும்னா சொல்றேனுங்க. நெசமில்லைன்னு சொல்ல மாட்டேன்."

"அப்போ உனக்கு அண்ணன் ஊடு வேண்டாமா?"

"கவிதை எழுதுனா ஊடு கெடையாதுன்னு நீங்கதானுங்கண்ணா சொல்றீங்க."

அவர்கள் போன பிறகு ஜெகன் வெகுநேரம் அந்த நாற்காலியைப் பிடித்தபடியே நின்றார். "போகாதே. தனியா ஒருத்தி, அத்தனை பேரு. அவமானப்படுத்துவாங்க" என்றார். "போகாட்டித்தானுங்க அவமானம்" என்றாள் வனிதா. அவரும் வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டாள். மாப்பிள்ளை வந்தால் மரியாதைக்காக எல்லாவற்றையும் மூடி மூடிப் பேசுவார்கள். அவளுக்கு மூடாமல் பேச வேண்டியிருந்தது.

கோபாலபுரத்துக்குப் பக்கத்தில், தோப்புக்கு நடுவில் இருந்தது அண்ணன் வீடு. அவள் பிறந்த வீடும் அதுதான். மாடி மட்டும் பிற்பாடு எடுத்தது. ஹாலில் ஆண்கள் சோபாவிலும் நாற்காலிகளிலும் இருந்தார்கள். பெண்கள் சமையலறைப் பக்கத்துக் கதவோரம். அம்மா கமலாத்தாள் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மூட்டுவலிக்காரி. மகளைப் பார்த்தாள், வா என்று சொல்லவில்லை.

பெரியப்பா ஒருவர் பேச்சை ஆரம்பித்தார். இனிமையாகத்தான் பேசினார். பொண்ணுக்குப் பொறந்த ஊடு என்பது என்ன, அண்ணன் தங்கச்சி உறவு என்பது என்ன என்று சொல்லிக்கொண்டே போனார். "உனக்குப் பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி, நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பிச்சான். நோம்பி தவறாம வந்து பாக்கறான். இதுக்கு மேல ஒரு அண்ணன் என்னம்மா பண்ணுவான்?"

"ஒண்ணும் குறையில்லைங்க பெரியப்பா." வனிதா நின்றபடியே பேசினாள். "ஆனா ஒண்ணு கேக்கோணும்." அண்ணனைப் பார்த்துத் திரும்பினாள். "உங்க கல்யாணத்துக்கும்தான் பந்தல் போட்டாங்க. ஊரைக் கூட்டுனாங்க. அதுக்கு நீங்க எதுல ஒப்பு போட்டீங்கண்ணா?"

பெண்கள் பக்கத்தில் யாருடைய வளையலோ சத்தமிட்டது. பூபதிராஜாவின் முகம் கறுத்துவிட்டது.

"அதையெல்லாம் விடும்மா. நெசமில்லைன்னு சொல்லு, முடிச்சுக்கலாம்" என்றார் பெரியப்பா.

"இங்கே பாதிப்பேரு அதை முழுசாப் படிச்சிருக்க மாட்டீங்க. போன்ல பார்த்ததோட செரி. ஒருக்கா கேளுங்க. பொய்யான வரி எதுன்னு சொல்லுங்க. அதை நானே கிழிச்சுத் தர்றேன்."

பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் படித்தாள். யாரோ "போதும் நிறுத்து" என்றார்கள். நிறுத்தவில்லை. சத்தமாகவும் படிக்கவில்லை. சொசைட்டியில் படித்த அதே குரல்தான். கிணறு என்ற இடத்தில் ஜன்னல் வழியாக அந்தக் கிணறு தெரிந்தது. மீன் என்ற இடத்தில் அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். படித்து முடித்துப் புத்தகத்தை மூடாமலேயே நின்றாள். "சொல்லுங்க, எந்த வரி?"

பெரியப்பா கதவுப் பக்கம் திரும்பி, "கமலாத்தா, நீயாச்சும் உன்ற மவளுக்குப் புத்தி சொல்லு" என்றார்.

"அதுல ஒரு தப்பு இருக்குதுங்க" என்றாள் கமலாத்தாள்.

அறை முழுவதும் ஓர் ஆசுவாசம் பரவியது. அம்மா இப்படிச் சொல்வாள் என்று வனிதா எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். ஆனாலும் வலித்தது.

"நானும் அன்னிக்குக் கார்ல போனேன்" என்றாள் அம்மா. "பின்னால உக்காந்திருந்தேன். எனக்கும் ஒரு பங்கு இருந்துது. நானும்தான் ஒப்பு போட்டேன். என்னைய எங்கே எழுதியிருக்கறா? ஒரு வரியில இருக்கறனா? நானும் ரெண்டுதரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். மீனு இருக்குது. நான் இல்ல."

"அம்மா, நீ சும்மா இரு" என்றார் பூபதிராஜா.

"சும்மாதான் இருந்தேன். எத்தனை வருஷம்."

கமலாத்தாள் அழவில்லை. குறை சொல்லும் குரலில், காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டதைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். வனிதா புத்தகத்தைப் பார்த்தாள். அம்மா சொன்னது உண்மை. முன்சீட்டு, சேலை, மீன் எல்லாம் இருந்தது. பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கவே இல்லை அவள்.

"எழுதறேன்மா" என்றாள். "ஆனா அந்தச் சேலையை எடுத்து எனக்குக் கட்டிவிட்டது நீதான். அதையும் எழுதுவேன்."

"எழுது. நான் இல்லைன்னா சொல்றேன்?"

பூபதிராஜா ஜன்னலிலிருந்து திரும்பினார். "நேராக் கேக்கறேன். நெலம் வேணுமா உனக்கு? அதுக்குத்தானா இத்தனையும்?"

"கேக்கலைங்கண்ணா" என்றாள் வனிதா. "கேக்க மாட்டேன்னும் சொல்லலை. இனி எதையும் வேண்டாம்னு எழுதித் தர்றதா இல்லை. அவ்வளவுதான்."

"அப்படின்னா இந்த ஊட்டு வாசப்படியை இனிமே மிதிக்காதே."

"அம்மாவைப் பாக்க வருவேனுங்க. கதவைச் சாத்துனா வெளியே நின்னு கூப்பிடுவேன். எனக்குக் குரல் இருக்குது."

செருப்பை மாட்டிக்கொண்டு தோப்பு வழியாக நடந்தாள். ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது. அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு அண்ணன் வீட்டிலிருந்து எதுவும் வரவில்லை. ஜெகன் வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சில வீடுகளில் விசேஷத்துக்கு வனிதாவை அழைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். புத்தகத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று இரண்டு மூன்று கணவன்மார்கள் சொல்லிவிட்டதாகக் கேள்வி. முருகேஸ்வரி அதற்கு ஒரு வழி செய்தாள். மாட்டுத் தீவனப் பையிலிருந்து அட்டை வெட்டிப் புத்தகத்துக்கு உறை போட்டுக் கை மாற்றி விட்டாள். குப்பண்ணனிடம் யாரோ போய்ப் புகார் சொன்னபோது, "பால்ல தண்ணி கலந்தா எங்கிட்ட வாங்க. கவிதை கலந்தா நான் என்ன பண்றது" என்றாராம்.

தமிழ்ப்ரியா இன்னும் ஒப்பு போடவில்லை. சந்துரு மூன்றுமுறை கோயமுத்தூருக்குப் போய் வந்தான். முதல் தடவை சத்தம் போட்டான், இரண்டாம் தடவை அழுதான். மூன்றாம் தடவை, தோட்டத்து மேற்கு ஓரத்தில் ஒரு பாகம் தருகிறேன், சரியா என்று கேட்டான். தண்ணீர் எந்தப் பக்கம் என்று அவள் திருப்பிக் கேட்டாளாம். பேச்சு அந்த இடத்தில் நிற்கிறது.

கிறிஸ்துமஸ் விடுமுறை சமயத்தில் கோபாலபுரத்துக் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் வனிதாவைக் கூப்பிட்டார்கள். புத்தகத்திலிருந்து படிக்க வேண்டும், அவர்களும் கேட்க வேண்டும் என்று. அண்ணன் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். "அங்கேயா?" என்றார் ஜெகன். பிறகு, "செரி, மைக் வேணுமான்னு கேட்டுக்கோ. வண்டி போற ரோடு" என்றார்.

மைக் இருந்தது. செக்போஸ்ட்டுக்குச் சற்று முன்னால், ரோட்டோரத்தில் இருந்த ஒரு தையல் கூடத்தின் முற்றத்தில் பாய் விரித்திருந்தார்கள். பாய் போதவில்லை. கயிற்றுக் கம்பெனியில் வேலை முடிந்து வந்தவர்கள் தலையில் நாருடனேயே நின்றார்கள். முன்னால் தேங்காய் லாரி ஒன்றை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்ததால் ரோட்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. அந்த வரிசையில், முற்றத்துக்கு நேர் எதிராக வந்து நின்றது பூபதிராஜாவின் வெள்ளைக் கார்.

வனிதா பார்த்தாள். அவரும் பார்த்தார். கண்ணாடியை ஏற்றினார். முன்னும் போக முடியாது, பின்னும் எடுக்க முடியாது.

பாயில் இருந்த பெண்களில் சிலருக்கு அந்தக் கார் யாருடையது என்று தெரியும். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டத்தை நடத்திய பெண் குனிந்து வனிதாவின் காதில், "வேற கவிதை ஏதாச்சும் மொதல்ல படிக்கறீங்களா?" என்றாள்.

"வேறதான் படிக்கப்போறேன்" என்றாள் வனிதா. "இது புத்தகத்துல இல்ல. புத்தகம் வந்ததுக்குப் பொறகு எழுதுனது. எங்கம்மா கேட்டு வாங்குனது." மடித்து வைத்திருந்த ஒரு தாளை விரித்தாள்.

பின்சீட்டில் அம்மா இருந்தாள்.
எனக்குச் சேலை கட்டிவிட்ட கையோடு
வந்திருந்தாள்.
அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை;
நானும் கேட்கவில்லை.

அவளுக்குக் கொடுத்த பேனா
எழுத மறுத்தது.
அண்ணன் உதறிக் கொடுத்தான்.
மறுபடியும் மறுத்தது.

ரோட்டிலிருந்து ஹாரன் ஒலித்தது. வெள்ளைக் கார்தான். விடாமல் நீளமாக அடித்தது. லாரி நகரவில்லை. பெண்கள் எல்லோரும் ரோட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். வனிதா மைக்கைக் கீழே இறக்கவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஹாரன் ஓயும் வரைக்கும் அந்தக் கண்ணாடியையே பார்த்தபடி நின்றாள்.

ஓய்ந்ததும், "செரியாக் கேட்டிருக்காது. மொதல்ல இருந்து படிக்கறேன்" என்றாள்.

முதல் வரியிலிருந்து படித்தாள். இந்த முறை கடைசி வரைக்கும் எந்தச் சத்தமும் குறுக்கே வரவில்லை.

மறுபடியும் மறுத்தது.
அந்த அறைக்குள் அன்று
மறுத்தது அது ஒன்றுதான்.